கருகமணி: அணியா, அரணா?

திருச்சிப் பெரிய கடைவீதிக்குத் திருமண நகை வாங்கச் செல்லும் முஸ்லிம் குடும்பங்கள் மறவாது கேட்கும் பொருள்களுள் ஒன்று கருகமணி. பொன்மணியுடன் கோத்த இக்கருமணிச் சரத்தை மணமகளின் கழுத்தில் கட்டுவது தமிழ் முஸ்லிம்களிடையே தலைமுறைகளாய் இருந்துவரும் வழக்கம்.

அண்மையில் எம் உறவினர் இல்லத்தில் இதுவே வாதமாயிற்று. "மார்க்கம் சொல்லாத ஒன்று எனக்கு வேண்டாம், நன்னி" என்றாள் மணமகள். "வெறுங்கழுத்தோடா உன்னை அனுப்புவது?" என்று கண் கலங்கினார் மூதாட்டி.

இருவர் சொல்லையும் மார்க்கத்தின் முன் வைத்துப் பார்ப்போம். நிக்காஹ் நிறைவேற வலீ வேண்டும், சாட்சிகள் வேண்டும், ஈஜாபும் கபூலும் வேண்டும். மஹர் மணமகளின் உரிமை. இப்பட்டியலில் கருகமணி இல்லை. காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கத்தில் வாழும் நம் அயலவர்க்குத் தாலி அவர்தம் திருமணச் சடங்கின் உறுப்பு. அதனை நாம் மதிக்கிறோம். நமக்கோ நிக்காஹ் ஓர் உடன்படிக்கை. மணி கட்டாததால் அதில் ஒரு குறையும் நேராது. அதுவரை பேத்தியின் சொல் சரியே.

ஆயினும், கட்டாயம் இல்லாதது எல்லாம் விலக்கப்பட்டதாகிவிடாது. பொன்னும் வெள்ளியும் பெண்டிர் அணிய ஆகுமானவையே. மூத்தோர் அன்போடு தரும் மணிச்சரத்தை அணிகலன் என எண்ணி அணிவதில் குற்றம் காண இயலாது.

குற்றம் தொடங்கும் இடம் வேறு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் வெள்ளி மோதிரம் அணிந்திருந்தார்கள். முத்திரையில்லாத மடலை அரசர்கள் படிப்பதில்லை என்று கூறப்பட்டதால் செய்யப்பட்டது அது. 'முஹம்மதுர் ரசூலுல்லாஹ்' என்று அதில் பொறிக்கப்பட்டிருந்தது. பின்னர் உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில் அது அரீஸ் கிணற்றில் விழுந்தது. மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை. மோதிரம் போயிற்று, மார்க்கம் போகவில்லை. அத்தகைய மோதிரமே காவற்பொருளாகக் கருதப்படவில்லை என்றால், கடையில் வாங்கும் மணி எவரைக் காக்கும்?

தாயத்தின் நிலையும் இதுவே. அதனைத் தொங்கவிடுதல் இணைவைத்தல் என்று எச்சரிக்கும் நபிமொழி உண்டு. திருமறை வசனங்களை எழுதி அணிவது குறித்து உலமாக்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அனுமதிப்போரும், பயன் தருபவன் அல்லாஹ் ஒருவனே என்னும் உறுதியை நிபந்தனையாக்குகின்றனர். நத்தர்வலி தர்கா வீதியில் நடந்தாலும், நம் வீட்டுத் தொட்டிலருகே நின்றாலும், இந்நிபந்தனையை நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

மூதாட்டியின் கண்ணீருக்குக் காரணம் பின்னரே வெளிப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய கருகமணி அடுப்படியில் அறுந்து விழுந்ததாம். மீண்டும் கோக்க நேரமின்றி அஞ்சறைப் பெட்டியில் எடுத்து வைத்தாராம். அந்த வாரமே கணவர் மௌத்தானார். "அன்றே கோத்திருந்தால்..." என்று முப்பது ஆண்டுகளாகத் தம்மையே குற்றவாளியாக்கி வந்திருக்கிறார்! ஒரு நூலிழையின் மீது வைத்த நம்பிக்கை ஒரு பெண்ணின் வாழ்நாளையே வாட்டிவிட்டது.

எந்த ஆன்மாவும் அல்லாஹ்வின் அனுமதியின்றி, விதிக்கப்பட்ட தவணையில் அல்லாது மரிப்பதில்லை என்பது திருக்குர்ஆன் (3:145) தரும் தெளிவு. இது அச்சுறுத்தும் செய்தி மட்டுமன்று, ஆறுதலும் ஆகும். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்கிறாள் (2:234). அக்காலம் முடிந்தபின் அவள் அணி பூணுவதை மார்க்கம் தடுக்கவில்லை. வாழ்நாள் முழுதும் வெறுங்கழுத்தோடு இருக்கச் சொன்னது ஊர் வழக்கமே.

பேத்தி நன்னியின் கைகளைப் பற்றிக் கொண்டாள். "நீங்கள் தருவதால் அணிகிறேன். அறுந்தால் கோப்பேன், அஞ்ச மாட்டேன். நன்னா போனது உங்களால் அன்று என்று நீங்களும் நம்ப வேண்டும்" என்றாள். அப்பெண் செய்தது சரி என்றே யாம் கருதுகிறோம். வேண்டாமென மறுத்திருப்பினும் அவளை எவரும் பழிக்க உரிமையில்லை.

அணிவதா, அகற்றுவதா என்று தடுமாறுவோர் தம் உள்ளத்தை நோக்கி ஒன்றைக் கேட்கட்டும்: இது தொலைந்தால் நான் வருந்துவேனா, அஞ்சுவேனா? வருந்தினால் அது அணி. அஞ்சினால் அதனை இன்றே கழற்றிவிடுதல் நலம்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களில் தன்னையன்றி வேறெதற்கும் அஞ்சாத உறுதியைத் தந்தருள்வானாக! ஆமீன்.