கம்பைல் ஆயிடுச்சு, சரி... த்ரெட் சேஃப்தானா?

விக்கிரமசிங்கபுரத்துக்கு நூல் புதிதல்ல. 19-ம் நூற்றாண்டின் இறுதியில், தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மில்தான் அந்த ஊரை வளர்த்தது. பின்னாளில் அது மதுரா கோட்ஸ் ஆனது. மெஷின் நிற்காமல் ஓடியது என்பதற்காக மட்டும் ஒரு நூலை நல்ல நூல் என்று எந்த மில்லும் சொல்லிவிடாது. இழுத்துப் பார்த்து, எவ்வளவு தாங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் அனுப்பும்.

கம்ப்யூட்டரிலும் ஒரு நூல் உண்டு. அதன் பெயர் த்ரெட். ஆனால், வெப் சர்வருக்கு மாட்யூல் கம்பைல் செய்யும் பல டீம்கள் இந்த நூலை இழுத்துப் பார்ப்பதே இல்லை. எர்ரர் வரலையா? அப்போ லைவ்ல போடு! இந்தப் பழக்கம்தான் மாற வேண்டும்.

த்ரெட்டில் என்ன சிக்கல்?

திருநெல்வேலி கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே அடுப்பில் சொதி கொதிக்கிறது. இரண்டு தவசிப்பிள்ளைகள். முதலாமவர் ருசி பார்க்கிறார், உப்பு இல்லை. எடுத்துவரப் போகிறார். அதற்குள் இரண்டாமவரும் ருசி பார்க்கிறார், உப்பு இல்லை. இருவரும் போட்டுவிடுகிறார்கள். இருவர் செய்ததும் தனித்தனியாகச் சரிதான். சொதி மட்டும் வாயில் வைக்க முடியாது. இதற்குப் பெயர்தான் 'ரேஸ் கண்டிஷன்'.

அப்பாச்சி வெப் சர்வரின் 'பிரீஃபோர்க்' முறையில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஒரு பிராசஸ் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டும் கவனிக்கும். ஆளுக்கு ஒரு தனி அடுப்படி மாதிரி. பாதுகாப்பு அதிகம், மெமரி செலவும் அதிகம். 2002-ல் வந்த அப்பாச்சி 2.0, 'வொர்க்கர்' என்ற த்ரெட் முறையையும் கொண்டுவந்தது. 2012-ல் வந்த 2.4-ல், த்ரெட் வசதியுள்ள கணினிகளில் 'ஈவென்ட்' முறையே இயல்புநிலை ஆனது. நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் ஒரு பிராசஸுக்குள் 25 த்ரெட்டுகள். அதாவது, ஒரே அடுப்படியில் 25 தவசிப்பிள்ளைகள்.

கம்பைலர் ஏன் எச்சரிப்பதில்லை?

கம்பைலர் பார்ப்பது இலக்கணத்தை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகும் என்பது அதன் கேள்வியே அல்ல. சி மொழியின் 'லோக்கல்டைம்' ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அது தன் விடையைப் பொதுவான ஒரே இடத்தில்தான் எழுதிவைக்கும். ஒரு த்ரெட் அதைப் படிக்கும் முன்பே இன்னொரு த்ரெட் அழித்து எழுதிவிடலாம். தேதி மாறினால்கூடப் பரவாயில்லை. லாகின் செய்தவரின் விவரத்தை ஒரு மாட்யூல் இப்படிப் பொது இடத்தில் வைத்திருந்தால், உங்கள் பில் இன்னொருவர் திரையில் தெரியும்.

பி.எச்.பி. இதை ஓரளவு தடுக்கப் பார்க்கிறது. த்ரெட் சேஃப் ஆகக் கம்பைல் செய்யாத பி.எச்.பி. மாட்யூலை, த்ரெட் முறையில் ஓடும் அப்பாச்சியில் ஏற்றினால் சர்வர் கிளம்பவே கிளம்பாது. மறுபடி கம்பைல் செய் என்று சொல்லிவிடும். உடனே பலர் த்ரெட் சேஃப் ஆப்ஷனைச் சேர்த்துக் கம்பைல் செய்கிறார்கள். சர்வர் கிளம்புகிறது. நிம்மதி!

அந்த நிம்மதி பாதிதான் உண்மை. அந்த ஆப்ஷன் பி.எச்.பி.க்குள் இருப்பதற்கு மட்டுமே பொறுப்பு. அதோடு இணையும் வெளி லைப்ரரிகளுக்கு யார் பொறுப்பு? மொழி, எண் வடிவம் ஆகியவற்றை மாற்றும் 'செட்லோக்கேல்' பற்றி பி.எச்.பி. கையேடே எச்சரிக்கிறது: அந்த அமைப்பு த்ரெட்டுக்கு அல்ல, முழு பிராசஸுக்கும் பொருந்தும். ஒருவர் மாற்றினால் பக்கத்தில் ஓடுபவருக்கும் மாறிவிடலாம்.

'டெஸ்ட்ல ஓடுச்சே!'

ஓடும். ஒருவர் மட்டும் கிளிக் செய்யும் டெஸ்டில் இரண்டாவது தவசிப்பிள்ளையே கிடையாது. கூட்டம் வரும் நாளில்தான் தவறு தலைகாட்டும், அதுவும் எப்போதாவது. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்கா, கனடாவில் சுமார் 5 கோடிப் பேர் இருட்டில் தவித்தார்கள். அதற்கான காரணங்களில் ஒன்று, ஒரு மின் கட்டுப்பாட்டு அறையின் அலாரம் மென்பொருளில் ஒளிந்திருந்த ரேஸ் கண்டிஷன். அதுவும் அதற்கு முன் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

என்ன செய்யலாம்?

த்ரெட்டே வேண்டாம் என்பதல்ல வாதம். லைப்ரரிகள் மீது சந்தேகம் இருந்தால், பி.எச்.பி.யை 'எஃப்.பி.எம்.' வழியாகத் தனிப் பிராசஸில் ஓடவிட்டு, முன்னால் 'ஈவென்ட்' முறையை வைத்துக்கொள்ளலாம். வேகமும் கிடைக்கும், அடுப்படிகளும் தனித்தனியே இருக்கும். சொந்தமாக மாட்யூல் எழுதுபவர்கள் ஜி.சி.சி., கிளாங் கம்பைலர்களில் உள்ள 'த்ரெட் சானிடைசர்' ஆப்ஷனைப் போட்டு, நூறு பேர் ஒரே நேரத்தில் வருவதுபோல் சோதிக்க வேண்டும். அதுவும் டெஸ்டில் ஓடிய பாதைகளில் உள்ள தவறுகளைத்தான் காட்டும். அதனால், இணைக்கும் ஒவ்வொரு லைப்ரரிக்கும் நேராக 'த்ரெட் சேஃபா?' என்று ஒரு வரி ரிலீஸ் செக்லிஸ்ட்டில் இருக்கட்டும்.

இதற்கெல்லாம் கூடுதலாக ஒன்றிரண்டு நாள் ஆகலாம். டீமில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டால், 'அதான் ஓடுதுல்ல, விடுப்பா' என்று சீனியர்கள் சொல்லாமல் இருந்தால் போதும். பில் மாறிப்போன வாடிக்கையாளரிடம் போய் 'கம்பைல் ஆச்சே' என்று யாரும் பதில் சொல்ல முடியாது.