திரைக்கு நேரமில்லாத கேள்விகள்



பழிவாங்கும் படங்களைப் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கின்றனரே, தகுமா எனத் தாய்மார் சிலர் நம்மிடம் வினவுகின்றனர். 1985-இல் வந்த ‘நான் சிகப்பு மனிதன்’ படத்தில் தங்கைக்கு நேர்ந்த கொடுமைக்காக ஓர் ஆசிரியர் துப்பாக்கி ஏந்தினார். 2024-இல் வந்த ‘மகாராஜா’வில் முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் மகளுக்காகப் பழிதீர்க்கிறார். அரங்கில் எழும் கைதட்டலை நாம் பழிப்பதற்கில்லை. காவல் நிலையத்தில் தம் சொல் ஏறாது என்றறிந்த எளியோரின் ஏக்கம் அதில் உண்டு.

ஆயினும் கொடியவன் மாண்டதும் படம் முடிந்துவிடுகிறது. புகாரை வாங்க மறுத்தவர் யார், அறிந்தும் வாய்மூடியிருந்த மேலதிகாரி யார் என்று கேட்கத் திரைக்கு நேரமில்லை.

நம் பகுதி அக்கேள்விகளை நன்கறியும். 1992-இல் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகர் காவல் நிலையத்தில் ஒருவர் உயிரிழந்தார். அவர்தம் மனைவியைக் காவலரே பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினர். நீதி கேட்டு மாதர் சங்கத்தார் போராட வேண்டியிருந்தது.

அதே ஆண்டு ஜூன் 20 அன்று, தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி மலைக்கிராமத்தில் சந்தனமரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்தனர். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். 2011 செப்டம்பர் 29-இல் தீர்ப்பு வந்தபோது அவர்களுள் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என்றது தருமபுரி நீதிமன்றம். 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்ததோடு, அந்நாளைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பணித்தது. தொட்டவன் மட்டுமன்று, மேசைக்குப் பின்னிருந்தவரும் பொறுப்பாளியே! இதைச் சொல்ல 31 ஆண்டுகள் சென்றன. அத்தனை ஆண்டும் அப்பெண்கள் நீதிமன்றப் படியேறினர். எந்தக் கதாநாயகனுக்கும் வாய்க்காத பொறுமை அது.

திருச்சபையும் இதற்கு விலக்கன்று. இத்தகைய குற்றத்தை அறியவரும் குருவும் துறவியரும் அதனைத் தாமதமின்றித் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும் எனவும், மூடிமறைக்கும் ஆயரும் விசாரணைக்குரியவரே எனவும் 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டம் வகுத்தார். நாட்டுச் சட்டமோ இன்னும் கண்டிப்பானது. சிறாருக்கு எதிரான குற்றத்தை அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவியாத எவருக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. தம் கீழ்ப் பணிபுரிவோர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. பள்ளியின் நற்பெயர், பங்கின் நற்பெயர், குடும்ப மானம் என எதைச் சொல்லியும் தப்ப இயலாது.

சிறாருக்கான இலவசத் தொலைபேசி எண் 1098. மறைக்கல்வி வகுப்பறைச் சுவரில், பிள்ளைகளின் கண்மட்டத்தில், அதனை எழுதி வைத்திருக்கிறோம்.