ஏணி எங்கே?

ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் ஆலைகள் வந்தன. வயலும் ஏரியும் தவிர வேறறியாத உத்திரமேரூர் வட்டாரத்து இளைஞர்களும் பெண்களும் நிறுவனப் பேருந்தேறி வேலைக்குச் செல்கின்றனர். வேலை வந்தது, மறுப்பாரில்லை. வேலைக்குச் சென்றவர் உயர வழி வந்ததா? அதைத்தான் நாம் கேட்கிறோம்.

ஐ.டி.ஐ. படித்தவன் முதலில் 'பயிற்சியாளன்'. பின்னர் 'ஒப்பந்தத் தொழிலாளி'. ஒப்பந்தக்காரர் மாறினால் மீண்டும் புது ஆள்! இயந்திரம் அதே, இயக்கும் கை அதே, மாறுவது அடையாள அட்டை ஒன்றுதான். புதிதாக வருவோர்க்குத் தொழில் கற்றுக் கொடுப்பவன் அவன். மேற்பார்வையாளர் நாற்காலிக்கோ வெளியிலிருந்து ஆள் வருகிறது!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 24 மாதங்களில் 480 நாள் பணிபுரிந்த தொழிலாளிக்கு நிரந்தரத் தகுதி தரவேண்டுமென்று தமிழ்நாடு 1981-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. நிரந்தரம்தான் ஏணியின் முதற்படி. அந்தப் படியிலேயே கால் வைக்க விடாவிட்டால் பதவி உயர்வு பற்றிப் பேசி என்ன பயன்? பெயரை மாற்றி மாற்றி நாட்கணக்கை அறுக்கும் தந்திரம் சட்டத்தைத் தோற்கடிக்கிறது.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கலக்கும் திருமுக்கூடலின் பெருமாள் கோயில் சுவரில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், நோயாளிகளைப் பேணும் பெண்கள் என்று பணியாளர். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு! யாருக்கு என்ன ஊதியம் என்பது ஊரறியக் கல்லில் நின்றது.

அந்தக் காலம் பொற்காலமென்று நாம் பாடவில்லை. மருத்துவர் பதவி அங்கே பரம்பரைக் காணி. மூலிகை சுமந்தவன் மகன் மருத்துவனாகும் வழி அந்தக் கல்லில் எழுதப்படவில்லை. அன்று பிறப்பு கதவடைத்தது. இன்று ஒப்பந்தம் கதவடைக்கிறது. அன்று கணக்காவது சுவரில் இருந்தது. இன்று உயர்வுக்கு யார் தகுதி, ஏன் தகுதி என்பது மேலாளரின் மேசை அறைக்குள் கிடக்கிறது!

"திறமை பார்த்தே உயர்வு தருகிறோம்" என்பார்கள் நிர்வாகத்தார். மிக நன்று, அந்தத் திறமையின் அளவுகோலை எழுதி ஒட்டுங்கள்! பத்தாண்டு உழைத்தவனுக்குத் திறமை இல்லையென்றால், அவனிடம் பயிற்சி பெறப் புதியவரை அனுப்புவானேன்?

தனியாளாய்க் கேட்டால் மறுநாள் வாயிற்கதவு திறக்காது. அதனால்தான் சங்கம். 2024-இல் திருப்பெரும்புதூர் அருகே சாம்சங் தொழிலாளர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்து சங்க உரிமைக்காக நின்றனர். 2025 சனவரியில் சங்கம் பதிவாயிற்று. கூடிக் கேட்டவர் குரலுக்குத்தான் செவி கிடைத்தது.

நாம் கேட்பது சலுகையல்ல. பெயர் எதுவாயினும் ஒரே ஆலையில் உழைத்த நாட்களை ஒன்றாகக் கூட்டுக! பணிமூப்புப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுக! மேற்பதவி காலியானால் உள்ளிருப்போரை முதலில் தேர்ந்தெடுக்க! தொழிலாளர் துறை ஆலைக்குள் சென்று கணக்கைப் பார்க்க!

மாடி கட்டியவர்கள் ஏணியை ஒளித்து வைக்கலாகாது.