மலையேறி வந்தது உலகம். கடல் கடப்பது யார்?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலை! கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை. அவன் சிலைக்கு ஆண்டுதோறும் மாலை சூட்டுகிறோம், மேடையேறி முழங்குகிறோம். ஆனால், அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பிள்ளைகள் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் படியை மிதிக்க வழி என்ன என்று ஒரு நாளேனும் கேட்டோமா?

உலகம் கொல்லிமலையை அறியாமல் இல்லை. சாமையும் தினையும் விளையும் அந்தச் சரிவுகளை நாடி ஆய்வாளர் பலர் வந்தனர். 2011இல் கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகமும் சென்னையின் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கைகோத்து, அங்கே வேளாண்மை, ஊட்டச்சத்து ஆய்வில் இறங்கின. பணம் யாருடையது? கனடா மக்களின் வரிப்பணம்! இதைக் குறையாகச் சொல்லவில்லை. தன் பல்கலைக்கழகம் உலகோடு உறவாட வேண்டுமானால் பொதுக் கருவூலம் திறந்தாக வேண்டும் என்பதை அந்நாடு உணர்ந்திருக்கிறது.

நம் நாடு உணர்ந்ததா?

2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியப் பழங்குடியினர் 10 கோடிக்கும் மேல். அவர்கள் அயல்நாடு சென்று பயில மத்திய அரசு ஒதுக்கிய இடங்கள் ஆண்டுக்கு 20! பத்துக் கோடிப் பேருக்கு இருபது இடம். ஒரு பேருந்தின் பாதி இருக்கைகூட நிரம்பாது! பட்டியல் சாதியினர் முதலானோருக்கான உதவித்தொகையின் கதையோ இதனினும் கொடிது. 2022இல் புது விதி வந்தது: இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிப் பயில அயல்நாடு செல்வோருக்கு உதவி இல்லையாம்! 2025இல் 106 பேரைத் தேர்ந்தெடுத்து, 40 பேருக்கு மட்டும் முதலில் ஆணை தந்து, எஞ்சிய 66 பேரை ‘நிதி இருந்தால் பார்ப்போம்’ என்று நிறுத்திவைத்தனர். கனடா நாட்டார் வந்து நம் மலையை ஆராயலாம். நம் பிள்ளை அயல்நாடு சென்று நம் சமூகத்தை ஆராய்தல் ஆகாதாம்! என்னே இவர்தம் நீதி!

ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்க்கென அண்ணல் அம்பேத்கர் பெயரால் தமிழ்நாட்டு அரசு வகுத்த அயலக உயர்கல்வித் திட்டம் பாராட்டுக்குரியது. ஆயினும் உதவி கைக்கு வருமுன்னரே கடவுச்சீட்டு, ஆங்கிலத் தேர்வுக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், விசாச் செலவு எனச் சுங்கச்சாவடிகள் வரிசையாக நிற்கின்றனவே! மிளகும் காப்பியும் பறித்துக் கூலி பெறும் தாய் அவற்றை எங்ஙனம் கடப்பாள்?

‘முதலில் மலைப்பள்ளிக்குக் கூரை, பிறகன்றோ அயல்நாடு?’ என்பாரும் உளர். நகரத்துச் செல்வர் தம் மகனை விமானம் ஏற்றும்போது இந்தக் கேள்வி எழுவதில்லையே! கூரையும் வேண்டும், கடலுக்கு அப்பாலும் வழி வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது ஏய்ப்பு.

1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ், மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுக்கு உதவி அளித்தார். அதனைக் கொண்டு கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றவர் அம்பேத்கர்! அந்தச் சிறு தொகைக்கு நாடு பெற்ற பயன் எவ்வளவு!

எனவே கேட்கிறோம்: இருபது இடங்களைப் பன்மடங்காக்குக! விண்ணப்பம் முதல் விமானம் வரையுள்ள செலவை அரசே ஏற்கட்டும்! பல்கலைக்கழகங்கள் அயல்நாட்டு ஒப்பந்தம் செய்யும்போதே ஏழை மாணவரின் பயணச் செலவையும் தம் வரவு செலவுத் திட்டத்தில் எழுதட்டும்!

ஓரிக்குச் செலுத்தும் மெய்யான மாலை அதுவே. நாம் கேட்பது வள்ளலின் கொடையன்று. வரி செலுத்தும் மக்களின் உரிமை!