கிறிஸ்துமஸ் தாத்தாவின் கட்டைவிரல்

மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும் செஞ்சிப் பக்கத்து வல்லத்தில் எங்கள் தெருவுக்குக் கேரல் ரவுண்ட்ஸ் வரும். பக்கத்து ஊர்ச் சபையிலிருந்து பாடிக்கொண்டு வருவார்கள். எங்கள் ஊர் இளைஞர்களும் சேர்ந்துகொள்வார்கள். ஒரு டிரம், ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு, நடுவில் சிவப்புச் சட்டையும் பஞ்சுத் தாடியும் பிளாஸ்டிக் முகமூடியுமாகக் கிறிஸ்துமஸ் தாத்தா. நாங்கள் சபைக்குப் போகிறவர்கள் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் நிற்கும் எல்லா வாசலிலும் அவர் நின்று ஆடுவார், தோள்பையிலிருந்து ஆரஞ்சு மிட்டாயை அள்ளித் தருவார். எனக்கு ஏழு வயதிருக்கும்போது அந்தக் கையை மிக அருகில் பார்த்தேன். கட்டைவிரல் நகம் நசுங்கிக் கறுத்திருந்தது. நக இடுக்கில் கிரீஸ். தெருமுனையில் பஞ்சர் ஒட்டும் அண்ணனின் கை அது.

என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு தங்கச்சி நின்றிருந்தாள். அவளுக்கு நான்கு வயது. அவளிடம் நான் சொல்லவில்லை. என்னை யாரும் தடுக்கவுமில்லை. குழந்தைகள் கிறிஸ்துமஸ் தாத்தாவை எந்த வயதுவரை நம்புகிறார்கள் என்ற விவாதம் ஒவ்வொரு டிசம்பரிலும் எழும்போது, நான் சொல்லாமல் இருந்த அந்த நிமிடம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

வயதுக் கணக்கு ஒன்றும் ரகசியமில்லை. அமெரிக்காவில் 1978இல் வெளியான ஓர் ஆய்வில் நான்கு வயதுப் பிள்ளைகளில் 85 விழுக்காட்டினர் தாத்தாவை நம்பினார்கள். ஆறு வயதில் அது 65 ஆகவும் எட்டு வயதில் 25 ஆகவும் இறங்கியது. 1994இல் கார்ல் ஆண்டர்சனும் நார்மன் பிரெண்டிஸும், உண்மையைத் தெரிந்துகொண்டுவிட்ட 52 பிள்ளைகளிடம் பேசினார்கள். ஏறக்குறைய ஏழு வயதில், பெரும்பாலும் தாங்களாகவே, அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். கண்டுபிடித்ததில் அவர்களுக்குப் பெரும்பாலும் மகிழ்ச்சிதான், வருத்தப்பட்டவர்கள் பெற்றோர்கள். 2024இல் கேண்டிஸ் மில்ஸ் குழுவினரின் ஆய்வு இதைக் கொஞ்சம் திருத்தியது. பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் ஏதோ ஒரு வருத்தத்தைச் சொன்னார்கள். பலருக்கும் அது சீக்கிரம் ஆறிவிட்டது. வளர்ந்தபின் திரும்பிப் பார்த்துச் சொன்னவர்களில், வயது ஏறியபின் திடீரென்று தெரியவந்தவர்களுக்கும், பெற்றோர் ரொம்பவும் ஊட்டி வளர்த்த நம்பிக்கையை இழந்தவர்களுக்கும்தான் வலி கூடுதல்.

இந்த ஆய்வுகள் எல்லாம் ஒரு குறிப்பிட்ட வகைத் தாத்தாவைப் பற்றியவை. அவர் கண்ணில் படாதவர். நள்ளிரவில் வந்து, பரிசை வைத்துவிட்டு, விடிவதற்குள் போய்விடுபவர். பரிசை வைப்பது அப்பாவும் அம்மாவும் என்பதால் அது வீட்டுக்குள் பூட்டிவைத்த ரகசியமாகிறது. நம் ஊர்த் தாத்தா தெருவில் வருகிறார், டிரம்முக்கு ஆடுகிறார், வியர்க்கிறார், தண்ணீர் கேட்கிறார். அவர் இருக்கிறாரா என்று நம் பிள்ளைகள் கேட்க வேண்டியதே இல்லை, கண்ணெதிரே நிற்கிறார். அவர் யார் என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

அந்தக் கேள்வி செஞ்சிச் சீமைப் பிள்ளைக்குப் புதியதும் இல்லை. மாசி மாதம் மேல்மலையனூர் அங்காளம்மன் மயானக் கொள்ளையில் பக்கத்து வீட்டு மாமா காளி வேஷம் கட்டி வருவார். நேற்றுவரை தோளில் தூக்கிச் சுமந்தவரைப் பார்த்துப் பிள்ளை வீரிட்டு அழும். திரௌபதி அம்மன் திருவிழா இந்த மண்ணில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதைத் தேடி வந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல், 1988இல் வெளியிட்ட தன் பெரிய நூலின் துணைத் தலைப்பிலேயே செஞ்சியில் தொடங்கிக் குருக்ஷேத்திரத்துக்குப் போகிறார். செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரிதான் அந்த வழிபாட்டின் மூல இடம் என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள்.

அந்தத் திருவிழாவில் பத்து நாள், பதினைந்து நாள் இரவெல்லாம் கூத்து நடக்கும். பிள்ளைகள் முன்வரிசையில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். நடுச்சாமத்தில் விழித்து, ஒப்பனை நடக்கும் கொட்டகைக்குள் எட்டிப் பார்க்காத பிள்ளை யார்? அங்கே துரியோதனன் முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருப்பார். சாயங்காலம் டீக்கடையில் பார்த்த அதே மனிதர். பக்கத்தில் புஜக்கட்டையும் கிரீடமும் சுவரில் சாய்த்து வைத்திருக்கும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பாய்க்குத் திரும்பும் அதே பிள்ளை, திரை விலகித் துரியோதனன் சுழன்று இறங்கும்போது அம்மாவின் முந்தானைக்குள் ஒளியும். கடைசி நாள் படுகளத்தில், தரையை நிறைத்துக் கிடக்கும் துரியோதனனின் மண் உருவத்தை அந்தப் பிள்ளை முந்தின நாள் குழைத்துக்கொண்டிருக்கும்போதே பார்த்திருக்கும். மண் சுமந்துகூடக் கொடுத்திருக்கும். ஆனாலும் பீமன் தொடையைப் பிளக்கும் நேரத்தில் அதன் உடம்பு நடுங்கும். தெரிந்துகொள்வதும் நடுங்குவதும் இங்கே ஒன்றையொன்று துரத்துவதில்லை.

இந்த இடத்தில் பிரான்ஸின் திஜோன் நகரத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1951 டிசம்பர் 23 அன்று, அந்த நகரத்தின் பேராலயத்துக்கு முன்னால், சில நூறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கக் கிறிஸ்துமஸ் தாத்தாவின் உருவத்தைத் தொங்கவிட்டு எரித்தார்கள். கிறிஸ்து பிறப்பைத் தாத்தா விழுங்கிவிட்டார் என்பது அந்நகரக் குருமார்களின் கோபம். மானுடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் மறு ஆண்டே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கிறிஸ்துமஸ் தாத்தா என்பது ஒரு சமூகத்தில் விஷயம் தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் பிரிக்கும் கோடு என்றார் அவர். அமெரிக்கப் பழங்குடிகளான பியூப்ளோ மக்களிடையே பெரியவர்கள் முகமூடி அணிந்து கச்சினா தெய்வங்களாக வருவார்கள். பிள்ளைகளுக்கு அது உரிய வயதில்தான் சொல்லப்படும். அதற்கும் தாத்தாவுக்கும் உள்ள உறவை அவர் எடுத்துக்காட்டினார்.

திஜோனில் பிள்ளைகள் முன் எரிந்ததும் ஓர் உருவம். நம் படுகளத்தில் பிளக்கப்படுவதும் ஓர் உருவம். அங்கே பெரியவர்கள் பிள்ளைகளின் நம்பிக்கையைப் பறிப்பதற்காக அழித்தார்கள். இங்கே பிள்ளைகளையும் மண் சுமக்கவைத்துக் கதைக்குள் இழுத்துக்கொள்கிறார்கள்.

எந்த வயதில் நம்பிக்கை போகிறது என்பதைவிட, போனபின் பிள்ளை எங்கே போய் நிற்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தெரியாதவர்கள் பக்கமிருந்து தெரிந்தவர்கள் பக்கம் வந்த பிள்ளைக்கு இங்கே ஒரு வேலை காத்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால்தான் ஏமாற்றம்.

பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே இதை எவ்வளவு அழகாகச் செய்கிறார்கள் என்பதற்கு மயிலிறகு போதும். நோட்டுக்குள் மயிலிறகை வைத்து, பென்சில் சீவலை இரையாகப் போட்டு, வானத்துக்குக் காட்டாமல் மூடி வைத்தால் குட்டி போடும் என்பதை எந்த ஆசிரியரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. மூன்றாம் வகுப்பு இரண்டாம் வகுப்புக்குச் சொன்னது. நம்பிக்கை தீர்ந்தவன் இறகைத் தூக்கி எறிய மாட்டான். தம்பியின் நோட்டில் வைத்துவிடுவான், சீவல் போடவும் சொல்லித்தருவான். விழுந்த பால் பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்த காலத்திலும் இப்படித்தான், எறியக் கற்றுக்கொடுத்தவர்கள் அக்காக்கள்.

செஞ்சி ஊரே இப்படி வரலாறு, கதை என இரண்டு பக்கமும் கால் ஊன்றி நிற்பதுதான். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜா 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்தார் என்பது வரலாறு. அவருடைய குதிரை பாராசாரி கதைப்பாடலில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2025 ஜூலையில் மராட்டியர் கால ராணுவத் தலங்களில் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது, கோட்டையின் ராஜகிரி மலையைக் காட்டி இந்தக் குதிரைக் கதையைப் பேரனுக்குச் சொன்ன தாத்தாக்கள் வரலாற்றையும் சேர்த்தேதான் சொன்னார்கள்.

என்னை உண்மையாகவே கவலைப்படுத்துவது வேறொன்று. தெருத் தாத்தா எல்லோருக்கும் ஒரே ஆரஞ்சு மிட்டாயைக் கொடுத்தார். இப்போது பள்ளிக்கூடத் தாத்தா வந்திருக்கிறார். எனக்குத் தெரிந்த ஒரு தனியார் பள்ளியில், பெற்றோரே பரிசு வாங்கி, வண்ணத்தாள் சுற்றி, பிள்ளையின் பெயர் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். டிசம்பர் கடைசி வேலைநாளில் தாத்தா மேடையேறிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ‘வருசம் பூரா நல்ல பிள்ளையா இருந்தவங்களுக்கு தாத்தா நல்ல பரிசு தருவேன்’ என்று மைக்கில் சொல்வார். ஒரு பிள்ளைக்கு ரிமோட் கார். அடுத்த பிள்ளைக்கு ஒரு பென்சில் பாக்ஸ். நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மாவின் மகள், ஒன்றாம் வகுப்பு, வீட்டுக்கு வந்து கேட்டிருக்கிறாள்: “அம்மா, நான் என்னம்மா தப்பு பண்ணேன்?”

அந்த அம்மா என்ன பதில் சொல்ல முடியும்? வாங்கியது தான்தான் என்று சொன்னால் தாத்தா பொய். சொல்லாவிட்டால் மகள் கெட்டவள். ஆறு வயதில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் நம்புகிறார்கள் என்றால், அந்த நம்பிக்கையைக் கொண்டு ஒரு குழந்தையின் வறுமையை அதன் குணத்துக்குக் கிடைத்த தீர்ப்பாக மாற்றுகிறோம் என்று பொருள். நான்காம் நூற்றாண்டில் மைரா நகரத்து ஆயராக இருந்த நிக்கோலஸ், ஏழை வீட்டுப் பெண்களுக்கு யாருக்கும் தெரியாமல் உதவினார் என்பதிலிருந்துதான் இந்தக் கதையே பிறந்தது. கொடுப்பவர் முகம் மறைந்திருந்ததே வாங்குபவர் கூசக் கூடாது என்பதற்காக. பள்ளிகள் இந்த டிசம்பரிலாவது பெயர் எழுதிய பொட்டலங்களை நிறுத்த வேண்டும். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு மிட்டாய், ஒரு கேக் துண்டு, ஒரு பென்சில் என்றிருக்கட்டும். நல்ல பிள்ளை என்ற நிபந்தனை தாத்தாவின் வாயிலிருந்து முழுக்கப் போக வேண்டும். அதைச் சொல்லி மிரட்டும்போது அவர் தாத்தா வேஷம் கட்டிய பூச்சாண்டி ஆகிவிடுகிறார்.

தாத்தா நிஜமா என்று பிள்ளை நேரே வந்து கேட்டால் என்ன செய்வது? 1897இல் நியூயார்க்கில் வர்ஜீனியா ஓஹான்லன் என்ற எட்டு வயதுச் சிறுமி ‘தி சன்’ நாளிதழுக்குக் கடிதம் எழுதினாள். நண்பர்கள் சிலர் தாத்தா இல்லை என்கிறார்கள், ‘சன்’னில் வந்தால் அது உண்மை என்று அப்பா சொல்லியிருக்கிறார், ஆகவே உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டாள். பிரான்சிஸ் சர்ச் என்ற ஆசிரியர் குழு உறுப்பினர், தாத்தா இருக்கிறார் என்று பதில் தலையங்கம் எழுதினார். உலகில் மிக அதிகமாக மறுபதிப்பான தலையங்கங்களில் அது ஒன்று. அதன் கருணையை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்தச் சிறுமிக்கு அது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. காகிதத்தில் எழுதித் தபாலில் போட்டுக் கேட்கும் பிள்ளை, தயாராகிவிட்ட பிள்ளை. அவள் நம்பியது தாத்தாவை மட்டுமில்லை, அச்சில் வருவது உண்மை என்பதையும்தான்.

முதல் தடவை கேட்கும்போது, “உனக்கு என்னம்மா தோணுது?” என்று திருப்பிக் கேட்கலாம். பல பிள்ளைகளுக்கு அதுவே போதும். இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்க விரும்புவார்கள். இரண்டாம் தடவை கண்ணைப் பார்த்துக் கேட்டால் சொல்லிவிட வேண்டும். சொல்லும்போதே மிட்டாய்ப் பையையும் கையில் கொடுத்துவிட வேண்டும்.

எனக்கு அந்தப் பை பதினைந்து வயதில் வந்தது. பஞ்சர் கடை அண்ணன் முகமூடியை என் முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இந்த வருசம் நீ கட்டுடா, எனக்கு முட்டி வலிக்குது” என்றார். உள்ளே ஒரே பிளாஸ்டிக் வாடை. இரண்டு சின்ன ஓட்டை வழியாகத்தான் தெரு தெரிந்தது. எங்கள் வாசலில் தங்கச்சி நின்றிருந்தாள், இடுப்பில் எதிர்வீட்டுக் குழந்தை. அவள் என் முகமூடியைப் பார்க்கவில்லை. கீழே, வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்த என் ரப்பர் செருப்பைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குழந்தையின் கையைப் பிடித்து என் பக்கம் நீட்டி, “வாங்கிக்கோ பாப்பா, தாத்தா ரொம்ப தூரத்துலேர்ந்து வர்றாரு” என்றாள்.