இலந்தைக் கூடையும் தாயக்கட்டையும்

"டாக்டர், இவன் தெருவில் எதையும் வாங்கித் தின்னமாட்டான். அப்படி வளர்த்திருக்கேன்!" என்று பெருமையாகச் சொல்லும் தாய்மார்களை அடிக்கடி பார்க்கிறேன். பக்கத்திலேயே பிள்ளை பளபளக்கும் பாக்கெட்டைப் பிரித்துக் கொறித்துக்கொண்டிருப்பான்!

எண்பதுகளில் பள்ளிக்கூட வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஆயாக்களை என் வயதுக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தையில் பனங்கிழங்கும் இலந்தைப் பழமும், கோடையில் நுங்கும் மாங்காய்ப் பத்தையும், ஆடியில் நாவல் பழமும் வரும். காலண்டர் பார்க்காமலே பருவம் தெரியும்.

சித்த மருத்துவம் அறுசுவையும் உணவில் வேண்டும் என்கிறது. நெல்லியும் நாவலும் துவர்ப்பைக் கொடுத்தன. இன்றைய பாக்கெட்டில் உப்பு, காரம், இனிப்பு இருக்கின்றன. துவர்ப்பு எங்கே?

அதற்காக, தெருவில் விற்றதெல்லாம் அமிர்தம் என்று சொல்ல வரவில்லை. ஈ மொய்த்ததும் உண்டு, சாயம் போட்டதும் உண்டு. 2024 பிப்ரவரியில், ரோடமின் பி என்ற சாயம் கலந்த பஞ்சு மிட்டாய்க்குத் தமிழக அரசு தடை போட்டது. நல்ல காரியம், அது துணிக்குப் போடுகிற சாயம். ஆனால் சாயத்துக்குப் போட்ட தடையை நெல்லிக்காய்க் கூடைக்கும் சேர்த்துப் போடுவது என்ன நியாயம்?

விளையாட்டிலும் இதே கதைதான். பெட்டிக் கடை அட்டையில் சீட்டுக் கிழித்தோம். கையிலிருந்த சில்லறை தீர்ந்தால் ஆட்டம் சரி. திண்ணையில் தாயம் ஆடினோம், பந்தயம் புளியங்கொட்டை. தாயம் விழாதவன் காயை இறக்க முடியாமல் காத்திருப்பான். பொறுமையும் தோல்வியும் அங்கேயே பழகிவிடும். அம்மா சோறு தின்னக் கூப்பிட்டால் ஆட்டம் கலையும். செல்போன் ஆட்டத்தைக் கலைக்க யார் இருக்கிறார்கள்? பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க 2025-ல் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. பணத்தைச் சட்டம் காப்பாற்றலாம். பிள்ளையின் ராத்திரித் தூக்கத்தை வீடுதான் காப்பாற்றணும்.

எனவே பெற்றோர்களே, தெருவையே ஒதுக்காதீர்கள், பார்த்து வாங்குங்கள். கழுவித் தின்னும் முழுப் பழம், தோல் உரித்துத் தின்னும் வேர்க்கடலை, அவித்த பனங்கிழங்கு... தாராளமாக வாங்கிக் கொடுங்கள். நறுக்கித் திறந்து வைத்தது, கண்ணைப் பறிக்கும் நிறம் ஏற்றியது, எண்ணெய் சொட்டச் செய்தித்தாளில் மடித்தது வேண்டவே வேண்டாம்.

பரணில் கிடக்கும் தாயக்கட்டையையும் கொஞ்சம் தேடுங்கள். குழம்புக்குக் கரைக்கும் புளியில் மிஞ்சுகிற கொட்டை பந்தயத்துக்குப் போதும்!