நான்கு நாள், ஒரே ஊர்

விடுமுறை கிடைத்தால் வெளிநாடு போய்வருவது நம் மாணவர்களிடையே இப்போது புதுமையல்ல. மலிவு விலை விமானப் பயணம் வந்த பின், பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தைக் கொண்டே பலர் கிளம்பிவிடுகிறார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் போய் வந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். "பத்து நாளில் ஆறு நாடு பார்த்தோம்" என்பார்கள். அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் கைப்பேசியில் உள்ள படங்களைக் காட்டுவார்கள். பேருந்திலிருந்து இறங்கி, படம் எடுத்துக்கொண்டு, மீண்டும் பேருந்தில் ஏறுவதற்கு ஊர் பார்த்தல் என்று பெயர் வைத்துவிட்டோம்.

ஒரே ஊரில் நான்கு நாள் தங்கி, அவசரமில்லாமல் நடந்து பார்ப்பதே மேல் என்பது என் கருத்து. அப்படிப் பார்க்கும்போதுதான் ஓர் ஊர் தன் பழமையில் எதையெல்லாம் காத்து வைத்திருக்கிறது என்று கவனிக்க முடிகிறது. அந்தக் கவனிப்பு நம் சொந்த ஊரைப் பற்றியும் சில கேள்விகளை எழுப்பாமல் விடுவதில்லை. இங்கிலாந்தில் படிக்கும் உறவினர் ஒருவரைக் காணச் சென்றபோது யார்க் நகரில் நான்கு நாள் தங்கினேன். அந்த நகரையே சான்றாக வைத்து எழுதுகிறேன்.

மதில் மேல் ஒரு நடை

நியூயார்க் அல்ல, இது பழைய யார்க். இலண்டனிலிருந்து இரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கி.பி. 71இல் உரோமானியர் இங்கே கோட்டை கட்டி எபோராக்கம் என்று பெயரிட்டனர். 306ஆம் ஆண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசராக அறிவிக்கப்பட்டதும் இங்கேதான். பிறகு ஆங்கிலோ சாக்சன்கள், வைக்கிங்குகள், நார்மன்கள் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். தேர்வுக்காக ஆண்டுகளை மனப்பாடம் செய்து பழகிய நமக்கு இந்தப் பட்டியல் சலிப்பூட்டலாம். மதில் மேல் ஏறி நடந்தால் சலிப்பு போய்விடும்.

நகரைச் சுற்றி ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் மதில் இன்னும் நிற்கிறது. அதன் மேல் நடக்கக் கட்டணம் இல்லை. ஒரு பக்கம் தேவாலயக் கோபுரங்கள், மறுபக்கம் வீடுகளின் பின்கட்டும் காயப்போட்ட துணிகளும். மழை வந்தால் இறங்கித் தேநீர்க் கடையில் உட்காரலாம். விட்டதும் மீண்டும் ஏறலாம். ஒரு முழுக் காலைப் பொழுதை இப்படிக் கழித்தேன். அதை வீண் என்று நான் நினைக்கவில்லை.

இந்த மதில் தானாகப் பிழைத்து நிற்கவில்லை. 1800ஆம் ஆண்டில் நகர நிர்வாகமே இதை இடித்துத் தள்ள நாடாளுமன்றத்தின் அனுமதியை நாடியது. வாயில்களின் முன்புறக் காப்பரண்கள் பல இடிக்கவும் பட்டன. வால்ம்கேட் வாயிலில் மட்டுமே அது இன்று எஞ்சியிருக்கிறது. எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களுள் ஒருவர் வில்லியம் எட்டி என்ற ஓவியர். அவருக்கு நகரக் கலைக்கூடத்தின் முன் சிலை வைத்திருக்கிறார்கள். "வெள்ளைக்காரனிடம் பணம் இருக்கிறது, பாதுகாக்கிறான்" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. முதலில் வந்தது பணமன்று, சிலரின் பிடிவாதம்தான்.

அரசர்கள் மட்டுமா வரலாறு?

யார்க்கின் பெருமை என்றால் எல்லாரும் மின்ஸ்டர் பேராலயத்தைக் காட்டுவார்கள். அதன் கிழக்குப் பெருஞ்சாளரத்தின் வண்ணக் கண்ணாடிகளை ஜான் தார்ன்டன் என்பவர் 1405 முதல் 1408 வரை செய்து முடித்தார். அவற்றின் 311 பலகைகளையும் கழற்றிச் செப்பனிட்டு 2018இல் மீண்டும் பொருத்தி முடித்தார்கள். இன்றும் அங்கே இளைஞர்கள் கல் செதுக்கும் தொழிலைக் கற்கிறார்கள். 1984இல் ஒரு பகுதிக் கூரை தீப்பற்றி விழுந்தது. அதைத் திரும்பக் கட்டியபோது, தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற சிறுவர்கள் வரைந்த உருவங்களையும் கூரையில் செதுக்கி வைத்தார்கள். பழையதைக் காப்பது என்றால் புதியவர்களை வெளியே நிறுத்துவது என்று பொருளில்லை.

ஆனால் என்னை அதிகம் சிந்திக்க வைத்தவை பேராலயத்திற்கு வெளியேதான் இருந்தன. காப்பர்கேட் என்ற தெருவில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வில் வைக்கிங் காலத்துக் குடியிருப்பு வெளிப்பட்டது. தோல் செருப்பு, சீப்பு, மரக் கிண்ணம், தின்று எறிந்த எலும்பு ஆகியவை கிடைத்தன. அந்த இடத்திலேயே 1984இல் யோர்விக் காட்சியகத்தைத் திறந்தார்கள். 1972இல் வேறோர் இடத்தில் கிடைத்த, ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட மனித மலம் ஒன்றையும் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். சிரிப்பு வரும். ஆனால் அந்த மனிதன் என்ன தின்றான், அவன் வயிற்றில் என்ன பூச்சிகள் இருந்தன என்று அதிலிருந்துதான் கண்டறிந்தார்கள். பெயர் தெரியாத ஒரு சாமானியன் வரலாற்றில் இடம்பிடித்துவிட்டான்.

இன்னொன்று சாக்லெட். நாம் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வாங்கித் தின்ற கிட்கேட் பிறந்தது யார்க்கில் இருந்த ரவுண்ட்ரீ ஆலையில், 1935இல். அந்த ஆலை முதலாளியின் மகன் சீபோம் ரவுண்ட்ரீ, தன் சொந்த ஊரின் வறுமையை வீடு வீடாக ஆய்வு செய்து 1901இல் நூலாக வெளியிட்டார். 11,560 குடும்பங்களை ஆராய்ந்து, ஊர் மக்களில் ஏறக்குறைய 28 விழுக்காட்டினர் வறுமையில் வாடுவதாகச் சொன்னார். கொக்கோ யார்க்கில் விளைவதில்லை. அதைப் பறித்தவர்களின் கணக்கு வேறு கதை. இருந்தாலும் உள்ளூர்த் தொழிலாளி என்ன கூலி வாங்கினான், என்ன சாப்பிட்டான் என்பது நூறாண்டுக்குப் பிறகும் நமக்குத் தெரிகிறது.

தன் களங்கத்தையும் அந்த ஊர் மறைக்கவில்லை. 1190ஆம் ஆண்டு மார்ச்சில் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்த யூதர்கள் ஏறத்தாழ 150 பேர் அங்கேயே மாண்டார்கள். வெளியே கொலை வெறியோடு ஊரார் நின்றதால் பலர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அந்த மேட்டின் அடியில் 1978இல் நினைவுக் கல் பதித்தார்கள். எட்டு நூற்றாண்டு தாமதம்தான். ஆனாலும் பதித்தார்கள்.

எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். இறைச்சிக்கடைத் தெருவாக இருந்த ஷாம்பிள்ஸில் இன்று நினைவுப்பொருள் கடைகளே அதிகம். படம் எடுக்க வந்த கூட்டத்தில் நகரவே முடியவில்லை. பழமை சரக்காகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் யார்க்கே சான்று.

நம் கணக்கு என்ன?

யார்க்கில் 1975இல் திறக்கப்பட்ட தேசிய இரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது, நுழைவு இலவசம். 1938இல் மணிக்கு 126 மைல் வேகத்தைத் தொட்ட மல்லார்ட் நீராவி இயந்திரம் அங்கே பளபளக்க நிற்கிறது. அதன் முன் நின்றபோது மலாயாவின் தண்டவாளங்கள்தான் நினைவுக்கு வந்தன. தைப்பிங்கையும் போர்ட் வெல்ட்டையும் இணைத்த நம் நாட்டின் முதல் பாதை 1885இல் ஓடத் தொடங்கியது. அதற்குப் பின் வந்த பாதைகளில் கட்டை சுமந்தவர்களிலும் கல் உடைத்தவர்களிலும் நம்மவர் எத்தனை பேர்! ஜப்பானியர் ஆட்சியில் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவருடைய பெயரையாவது நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

தோட்டங்கள் செம்பனையாகி, பிறகு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இடிந்துபோயின. மரம் சீவும் கத்தியும் பால் மங்கும் பழைய இரும்புக்குப் போய்விட்டன. பெரட்டுக்குப் போன தாத்தா பாட்டிமார்களும் ஒவ்வொருவராகக் கண் மூடுகிறார்கள். சோழன் கடாரம் வென்ற கதையை மேடைக்கு மேடை முழங்குகிறோம். சொந்தப் பாட்டி எந்தத் தோட்டத்தில், எந்த நிரையில், என்ன கூலிக்கு மரம் சீவினார் என்று கேட்டால் விழிக்கிறோம். வைக்கிங் காலத்துச் செருப்புக்குக் கிடைத்த மதிப்பு நம் பாட்டியின் பால் வாளிக்கு ஏன் கிடைக்கவில்லை?

அரசாங்கம் செய்யவில்லை என்று குறை கூறலாம். அதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் ரவுண்ட்ரீ அரசாங்கத்தின் உத்தரவுக்காகக் காத்திருக்கவில்லை. நம்மிடம் கைப்பேசி இருக்கிறது. அதில் ஒலிப்பதிவு இருக்கிறது. நம் மொழிக் கழகத்தில் உறுப்பினர்கள் இருக்கிறோம். வரும் விடுமுறையில் ஒவ்வொருவரும் ஒரு முதியவரிடம் ஒரு மணி நேரம் உட்காரலாம். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு வந்தீர்கள், என்ன சம்பளம், என்ன சாப்பாடு, கோயில் எங்கே இருந்தது, பள்ளி எங்கே இருந்தது என்று கேட்டுப் பதிவு செய்யலாம். பழைய படமோ சம்பளச் சீட்டோ இருந்தால் படியெடுக்கலாம். முன்னாள் மாணவர்களும் கை கொடுத்தால் வேலை இன்னும் எளிதாகும்.

வெளிநாட்டுப் பயணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போங்கள்; ஒரே ஊரில் நிதானமாகத் தங்குங்கள். திரும்பி வந்ததும் அதே நிதானத்தோடு தாத்தா பாட்டியின் தோட்டத்திற்கும் ஒரு நாள் போய் வாருங்கள். அங்கே வீடுகள் எழும்பியிருந்தாலும் பரவாயில்லை. லயம் எங்கே இருந்தது என்று கை நீட்டிக் காட்ட அவர்களையும் கூட அழைத்துச் செல்லுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அந்தப் பதிவுகளுக்காகப் பத்துப் பக்கம் ஒதுக்குமாறு ஆசிரியர் குழுவை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.